தெரிந்து செயல்படல்: பாலாற்றங்கரை தரும் பாடம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு தொழில் ஊருக்குச் சோறு தருகிறது. அதே தொழில் ஊரின் கிணற்றைக் கெடுக்கவும் செய்கிறது. இவ்விரண்டில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்னும் வினா எழும்போது நாம் திகைத்து நிற்கிறோம். தொழில் தொடங்கும்முன்பே அதன் விளைவுகளை ஆராய்ந்திருந்தால் அத்திகைப்புக்குப் பெரிதும் இடமிருந்திராது. அவ்வாறு ஆராயவேண்டியது யாருடைய கடமை? வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல்தொழிலின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

பாலாறும் தோல்தொழிலும்

கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடிக்கு அருகே தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் எனப் பல ஊர்களை ஒட்டிச் சென்று, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் கடலோடு கலக்கிறது. ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நீளமுடைய இவ்வாற்றின் பெரும்பகுதியாகிய 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது.

ஆண்டின் பெரும்பகுதியில் பாலாற்றின் மேற்பரப்பில் மணல் மட்டுமே தெரியும்; நீர் மணலுக்கு அடியில் ஊர்ந்து செல்லும். அந்நீரை ஊற்றுக்கால் தோண்டியும் கிணறு வெட்டியும் பாசனத்திற்குக் கொண்டுவந்தவர்கள் இக்கரை உழவர்கள். நெல்லும் கரும்பும் தென்னையும் இந்நிலத்தடி நீரை நம்பியே விளைந்தன. கரையோர ஊர்களின் குடிநீரும் இதுவே.

தோல்தொழில் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதை, புகார் நகரத் தொழிலாளருள் தோலைத் தைப்பவரையும் வரிசைப்படுத்துகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிடும் முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அவ்வாறு பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இத்தொழிலால் வளர்ந்தன. இன்றும் ஆம்பூர்க் காலணி ஆலைகளில் தைப்புப் பணியில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் பெண்களே. அவர்களது ஊதியத்தால் குடும்பங்கள் வாழ்கின்றன. பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கின்றனர். ஆகவே, இத்தொழிலை வெறும் கேடாகக் கருதிவிட இயலாது.

ஒரு கொள்கை மாற்றம்

1970களில் மைய அரசு தோல் ஏற்றுமதியில் ஒரு பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலைக் குறைந்த விலைக்கு வெளிநாட்டிற்கு விற்பதைவிட, அதனை முழுமையாகப் பதனிட்டும் காலணி, பை முதலிய பொருள்களாக்கியும் விற்றால் நாட்டிற்கு மிகுந்த அந்நியச் செலாவணி கிடைக்கும் என்று 1972இல் அமைக்கப்பட்ட சீதாராமையா குழுவின் பரிந்துரையை அரசு ஏற்றது. அரைகுறைத் தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. முழுமையான தோலுக்கும் தோற்பொருளுக்கும் ஊக்கம் அளிக்கப்பட்டது.

பொருளியல் நோக்கில் இது நல்ல முடிவே. மூலப்பொருளை விற்கும் நாடு, உற்பத்திப் பொருளை விற்கும் நாடாக உயர்வதை யார் மறுப்பர்? வேலைவாய்ப்பும் பெருகியது. ஆயினும், இம்முடிவோடு மற்றொரு மாற்றமும் உடன்வந்தது. பட்டையைக் கொண்டு பல நாள் ஊறவைத்துப் பதனிடும் முறை குறைந்தது. குரோமியம் சல்பேட்டைக் கொண்டு விரைந்து பதனிடும் முறை பரவியது.

கெடாதிருக்க உப்பிட்டு வைத்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பைக் களைவர். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்து மயிரை நீக்குவர். அமிலமும் உப்பும் கலந்த கரைசலில் இட்டபின் குரோமியக் கரைசலில் பதனிடுவர். இறுதியில் சாயமும் எண்ணெய்ப்பசையும் ஏற்றுவர். ஒவ்வொரு படியிலும் நீர் வேண்டும். ஒவ்வொரு படியின் முடிவிலும் கழிவுநீர் வெளிவரும். ஒரு கிலோகிராம் பதனிட்ட தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதாகவும், குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதாகவும் பின்னாளில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது.

கொள்கை மாற்றத்தின்போது எவ்வளவு அந்நியச் செலாவணி வரும் என்பது கணக்கிடப்பட்டது. மணலுக்கடியில் மெல்ல ஊர்ந்து செல்லும் ஓர் ஆறு, இத்தனை கழிவுநீரைத் தாங்குமா என்பதும் கணக்கிடப்படவேண்டிய ஒன்றாக இருந்தது. அவ்வாறு கணக்கிடுமாறு அரசைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் அன்று இந்தியாவில் இல்லை.

கிணறுகள் சொன்ன செய்தி

ஓடும் ஆற்றில் கலக்கும் கழிவு அடுத்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படக்கூடும். நிலத்தடி நீரில் இறங்கிய உப்பு அவ்வாறு எளிதில் நீங்குவதில்லை. அது மண்ணிலும் பாறை இடுக்கிலும் தங்கிக் கிணற்றுக்குக் கிணறு பரவுகிறது. உப்பேறிய நீரைப் பாய்ச்சிய வயலில் முதலில் விளைச்சல் குறையும்; பிறகு மண்ணே இறுகிப் பயனற்றுப்போகும்.

பாலாற்றுப் படுகையில் இதுவே நேர்ந்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர்செய்யத் தகுதியற்றதாயிற்று என வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. தோல்தொழில் நடைபெறும் மற்றொரு பகுதியான திண்டுக்கல் வட்டாரத்தின் 13 சிற்றூர்களில் நடந்த கணக்கெடுப்பில், 467 கிணறுகளுள் 350 கிணறுகள் மாசடைந்திருந்தன.

அரசு முற்றிலும் வாளாவிருந்ததாகக் கூறவியலாது. 1974இல் நீர் மாசு தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1989 மார்ச் 30 அன்று தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆறு, ஓடை, அணை முதலியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் நீரைக் கடுமையாக மாசுபடுத்தும் தொழிற்சாலைகளுக்கு இடமளிக்கலாகாது என்பது அவ்வாணை. அத்தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலும் இருந்தது. ஆனால், ஆணை வந்த காலத்தில் நூற்றுக்கணக்கான ஆலைகள் ஆற்றங்கரையில் நிலைபெற்றுவிட்டன. நீதிமன்றத்திற்குக் கிடைத்த விவரப்படி, ஐந்து மாவட்டங்களிலிருந்த 584 ஆலைகளுள் 443 ஆலைகளே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவுக்கு விண்ணப்பித்திருந்தன. கழிவுநீரைத் தூய்மையாக்கும் நிலையங்களை அமைக்குமாறு வாரியமும் அரசும் பல ஆண்டுகள் வலியுறுத்திவந்தும் பெரும்பாலான ஆலைகள் அவற்றை அமைக்கவில்லை.

நீதிமன்றம் சென்ற குடிமக்கள்

1991ஆம் ஆண்டு வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்னும் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றைத் தொடுத்தது. அடிப்படை உரிமைகள் மீறப்படும்போது உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகும் வாய்ப்பைத் தரும் அரசமைப்பின் 32ஆம் பிரிவின்கீழ் அம்மனு அமைந்தது. சுற்றுச்சூழல் வழக்குகளில் புகழ்பெற்ற வழக்கறிஞர் எம்.சி. மேத்தா மன்றத்தின் சார்பில் வாதிட்டார்.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. நாட்டிற்கு அந்நியச் செலாவணியையும் மக்களுக்கு வேலையையும் தோல்தொழில் தருகிறது என்பதைத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. அதற்காகச் சூழலைச் சிதைக்கவும் மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கவும் அத்தொழிலுக்கு உரிமை இல்லை என்றும் உறுதியாகக் கூறியது. வளர்ச்சியும் சூழலும் ஒன்றையொன்று அழிக்கத் தேவையில்லை. வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இத்தலைமுறையின் தேவையை நிறைவேற்றும் 'நீடித்த வளர்ச்சி'யே வழி என்பது அதன் நிலைப்பாடு. அந்நிலைப்பாட்டிலிருந்து இரண்டு நெறிகளை எடுத்து, அவை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பு அறிவித்தது.

முதலாவது, முன்னெச்சரிக்கை நெறி. சூழல் சீர்கேட்டின் காரணங்களை அரசும் அதன் அமைப்புகளும் முன்கூட்டியே உணர்ந்து தடுக்கவேண்டும். மீட்கவியலாத கேடு நேரும் என்னும் அச்சம் உள்ளபோது, அறிவியல் முடிவு இன்னும் உறுதியாகவில்லை எனக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது. தம் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, செயலைத் தொடங்குவோரையே சாரும்.

இரண்டாவது, மாசுபடுத்தியவரே ஈடுசெய்யும் நெறி. பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட மண்ணையும் நீரையும் மீட்கும் செலவையும் மாசுபடுத்தியவரே ஏற்கவேண்டும்.

இவற்றைச் செயற்படுத்த நீதிமன்றம் பல ஆணைகளை இட்டது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிய அதிகார அமைப்பை உருவாக்கும் கடமை மைய அரசுக்கு இருந்தும் பத்தாண்டுகளாக அது நிறைவேறவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, 1996 செப்டம்பர் 30க்குள் அவ்வமைப்பை ஏற்படுத்தப் பணித்தது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. கழிவுநீர்த் தூய்மை நிலையம் அமைக்க இறுதிக் காலக்கெடு அளித்தது. இவ்வழக்கைத் தொடர்ந்து கண்காணிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'பசுமை அமர்வு' ஒன்றை அமைக்குமாறு கேட்டுக்கொண்டது. பாலாற்றங்கரையில் தொடங்கிய இவ்வழக்கின் நெறிகள், 2010ஆம் ஆண்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் எழுத்து வடிவம் பெற்றன.

தெரியுமா?

அரசு தன் செயலின் சூழல் விளைவுகளை முன்கூட்டியே ஆராயவேண்டும் என்று உலகில் முதன்முதலில் சட்டம் இயற்றிய நாடு அமெரிக்கா. 1969இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கடற்கரையில் எண்ணெய்க் கசிவு நேர்ந்தது. அதே ஆண்டில் கிளீவ்லாந்து நகரின் குயாகோகா ஆற்றில் மிதந்த கழிவு தீப்பற்றி எரிந்தது. இத்தகைய நிகழ்வுகளால் மக்களிடையே எழுந்த விழிப்புணர்வின் விளைவாகத் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் உருவாகி, 1970 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கூட்டாட்சி அரசின் துறைகள் ஒரு பெரும் திட்டத்தை மேற்கொள்ளும்முன் அதன் சூழல் விளைவுகளையும், அத்திட்டத்திற்கு மாற்றாக உள்ள வழிகளையும் எழுத்தில் ஆராய்ந்து வெளியிடவேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி.

தாக்க மதிப்பீடு என்னும் கருவி

1972இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் அவை நடத்திய மனிதச் சூழல் மாநாட்டில் இந்தியா பங்கேற்றது. 1976இல் அரசமைப்பின் 42ஆம் திருத்தம், சுற்றுச்சூழலைக் காப்பதை அரசின் நெறியாக 48அ பிரிவிலும், குடிமக்களின் கடமையாக 51அ பிரிவிலும் சேர்த்தது. 1984இல் போபாலில் நிகழ்ந்த நச்சுவாயுக் கொடுமைக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1992ஆம் ஆண்டின் ரியோ மாநாட்டுப் பறைசாற்றம், சூழல் தாக்கத்தை மதிப்பிடுவது நாடுகளின் கடமை என வலியுறுத்தியது. 1994 சனவரி 27 அன்று வெளியான அறிவிக்கையின் வழியாகச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இந்தியாவில் கட்டாயமாயிற்று. அதற்கு மாற்றாக 2006 செப்டம்பர் 14 அன்று விரிவான அறிவிக்கை வெளியாயிற்று. தோல் பதனிடும் தொழிலும் பொதுக் கழிவுநீர்த் தூய்மை நிலையமும் அதன் பட்டியலில் இடம்பெற்றன.

இம்மதிப்பீடு நான்கு படிகளாக நடைபெறும். திட்டத்திற்கு விரிவான ஆய்வு தேவையா என்று முடிவுசெய்வது முதற்படி. எவற்றையெல்லாம் ஆராயவேண்டும் என வரையறுப்பது இரண்டாம் படி. மக்களின் கருத்தைக் கேட்பது மூன்றாம் படி. வல்லுநர் குழு அனைத்தையும் சீர்தூக்கிப் பரிந்துரைப்பது நான்காம் படி. அதன்பின் அரசு அல்லது உரிய ஆணையம் அனுமதியை அளிக்கும், அன்றி மறுக்கும்.

இந்த அறிவியல் நடைமுறையின் அடிக்கருத்து நமக்கு அயலானதன்று. திருக்குறளின் பொருட்பாலில் அரசியல் என்னும் இயலில் 'தெரிந்துசெயல்வகை' 47ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. ஒரு செயலால் நேரும் இழப்பையும், அதனால் உண்டாகும் ஆக்கத்தையும், நாளடைவில் கிட்டும் பயனையும் எடைபோட்டபின்பே அதில் இறங்கவேண்டும் என அரசனுக்கு அவ்வதிகாரம் அறிவுறுத்துகிறது. அதனைத் தொடர்ந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் வருகின்றன. வள்ளுவர் அரசனின் வினையை மனத்திற்கொண்டு கூறிய இம்மூன்றையும் சூழல் ஆய்வுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

ஒரு படுகை எவ்வளவு கழிவைத் தாங்கும் என்று அறிவது வலியறிதல். ஆலை எழும்பிய பின்னர் ஆராயாமல் அடிக்கல் நாட்டும்முன் ஆராய்வது காலமறிதல். ஆற்றங்கரையிலா, அதற்கு அப்பாலா என்று தீர்மானிப்பது இடனறிதல். 1989ஆம் ஆண்டின் ஒரு கிலோமீட்டர் ஆணை இடத்தை அறிந்திருந்தது. ஆலைகள் நிலைபெற்றபின் வந்தமையால் காலத்தைத் தவறவிட்டது.

பின்னர் அளந்த கணக்கு

முன்னரே அளக்காததைப் பின்னர் அளக்கவேண்டிய நிலை வந்தது. உச்ச நீதிமன்ற ஆணைப்படி மைய அரசு 1996இல் சூழல் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. ஊர் ஊராக, புலம் புலமாக நிலத்தின் சீர்கேட்டை அவ்வாணையம் மதிப்பிட்டது. 2001 மார்ச் 7 அன்று வேலூர் மாவட்டத்திற்கான தன் முடிவை வெளியிட்டது. 547 தோல் ஆலைகள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் வழங்கவேண்டும் என்பது அம்முடிவு.

இத்தொகை பெரிதாகத் தோன்றலாம். பங்கிட்டுப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய் அளவே வரும். தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த வயலும் குடிநீர் தந்த கிணறும் கெட்டதற்கு ஈடாகக் கணக்கிடப்பட்ட தொகை அது. அதுவும் உரியவர்கள் அனைவரையும் உரிய காலத்தில் சென்றடையவில்லை. வழக்குகள் தொடர்ந்தன. 2025 சனவரி 30 அன்று நீதியரசர்கள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோரடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, இதுவரை இழப்பீடு பெறாதோர்க்கு ஆறு வாரங்களுக்குள் அதனை வழங்குமாறும், பின்னர் அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடமிருந்து பெற்றுக்கொள்ளுமாறும் அரசுக்கு ஆணையிட்டது. பாலாற்றை மீட்கும் பணியைக் கண்காணிக்க உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்கவும் பணித்தது.

முதல் மனு 1991இல், இத்தீர்ப்பு 2025இல். இடைப்பட்ட 34 ஆண்டுகளில் மனுவின்போது இளைஞராயிருந்த உழவர் முதுமையை எட்டியிருப்பார். முன்கூட்டிய ஆய்வு தொழிலைத் தாமதப்படுத்துகிறது என்று கூறுவோர், ஆராயாமையால் விளைந்த இத்தாமதத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். திட்ட அனுமதிக்கான ஆய்வுக்குச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ செல்லலாம். அவ்வாய்வு இல்லாமையின் விளைவைச் சீர்செய்ய ஒரு தலைமுறைக் காலமும் போதவில்லை.

தீர்வுகளும் புதிய வினாக்களும்

தீர்ப்புக்குப்பின் தோல்தொழில் பெரிதும் மாறியுள்ளது. பல ஆலைகள் கூடிப் பொதுக் கழிவுநீர்த் தூய்மை நிலையங்களை நடத்துகின்றன. சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மைய தோல் ஆராய்ச்சி நிலையம், நீரையும் குரோமியத்தையும் குறைவாகப் பயன்படுத்தும் முறைகளையும் பயன்படுத்திய குரோமியத்தை மீட்டெடுக்கும் முறைகளையும் உருவாக்கித் தந்துள்ளது. கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே வடிகட்டி மீண்டும் பயன்படுத்தி, ஒரு சொட்டும் வெளிவிடாத 'சுழியக் கழிவுநீர்' முறையும் நடைமுறைக்கு வந்துள்ளது.

ஆயினும், ஒரு தீர்வு மற்றொரு வினாவை எழுப்புகிறது. நீரை மீட்டபின் எஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது? அதனைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது கடினம். வெட்டவெளியில் குவித்தால் மழையில் கரைந்து மீண்டும் நிலத்திற்குள் இறங்கும். இராணிப்பேட்டையில் குரோமிய வேதிப்பொருள் தயாரித்த ஆலையொன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற இலட்சத்துக்கும் மேற்பட்ட டன் நச்சுக் கழிவு பல்லாண்டுகள் குன்றுபோல் அங்கேயே கிடந்தது.

2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் மற்றொரு கொடுமை நேர்ந்தது. பொதுத் தூய்மை நிலையத்தின் கசடுத்தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, கசடு அருகிலிருந்த தோல் ஆலைக்குள் பாய்ந்தது. அங்கு உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். மாசைத் தடுக்கக் கட்டப்படும் அமைப்புக்கும் தாக்க மதிப்பீடும் தொடர்ந்த கண்காணிப்பும் தேவை என்பதை அவ்விறப்புகள் உணர்த்துகின்றன.

அரசின் கடமையும் குடிமக்களின் பங்கும்

இன்றைய மதிப்பீட்டு முறையிலும் குறைகள் உள்ளன. அறிக்கையை உருவாக்கும் ஆலோசகரைத் திட்டத்தை முன்மொழிபவரே ஊதியம் கொடுத்து அமர்த்துகிறார். ஆகவே, அறிக்கையைப் பெற்றுக்கொள்வதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. அதன் மெய்ம்மையைச் சோதிப்பதும் அரசின் கடமையே.

மற்றொரு குறை இதனினும் பெரிது. நம் அறிவிக்கை தனித்தனித் திட்டங்களை மட்டுமே மதிப்பிடுகிறது, கொள்கைகளை மதிப்பிடுவதில்லை. ஓர் ஆலையின் கழிவு சிறிதாகத் தோன்றலாம். ஐந்நூறு ஆலைகளின் கழிவு ஓர் ஆற்றைக் கொல்லும். பாலாற்றின் நிலையை மாற்றியது தனியோர் ஆலையன்று. 1970களின் ஏற்றுமதிக் கொள்கையும் அதனையொட்டிப் பெருகிய ஆலைகளும் சேர்ந்தே மாற்றின. அத்தகைய கொள்கை இன்று வகுக்கப்பட்டாலும் அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தை மதிப்பிட இவ்வறிவிக்கை கட்டாயப்படுத்தாது. ஐரோப்பிய ஒன்றியம் 2001ஆம் ஆண்டிலேயே அரசின் பெருந்திட்டங்களையும் செயல்திட்டங்களையும் முன்கூட்டி மதிப்பிடும் நெறிமுறையைக் கொண்டுவந்துள்ளது. நாமும் அத்திசையில் சிந்திக்கவேண்டும்.

மதிப்பீட்டில் மக்களுக்கும் இடமுண்டு. மாவட்ட ஆட்சியர் அல்லது அவர்தம் பொறுப்பாளர் தலைமையில் திட்டம் அமையும் பகுதியிலேயே கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெறும். முப்பது நாள்களுக்கு முன்னரே அது பற்றிய அறிவிப்பு வெளியிடப்படும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் கிடைக்கவேண்டும். 2020இல் மைய அரசு வெளியிட்ட புதிய வரைவு அறிவிக்கையை எட்டாம் அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் பெயர்க்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் பணித்தது. தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டதன்மீது மக்கள் கருத்துக் கூறுவது எங்ஙனம் இயலும்? அறிவியலையும் சட்டத்தையும் தமிழில் எழுதவேண்டும் என்னும் கோரிக்கைக்கு இதனினும் வலுவான காரணம் வேண்டியதில்லை.

ஊரின் கிணற்றுநீர் எந்த ஆண்டில் உவர்ப்பாயிற்று, எந்தப் புலத்தில் எப்பயிர் நின்றுபோயிற்று என்பனவற்றை அவ்வூரார் அறிந்த அளவுக்கு வெளியூர் வல்லுநர் அறியார். அவ்வறிவு கூட்டத்தில் பதிவாகும்போது மதிப்பீடு முழுமை பெறுகிறது. தொழிலாளியும் உழவரும் அங்கு எதிரெதிராக நிற்கவேண்டியதில்லை. காலணி தைக்கும் பெண்ணும் குடிநீருக்கு அதே நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறார். ஆலைக்கும் தூய நீர் வேண்டும். நீர் கெட்டால் தொழிலும் நிலைக்காது.

மணலுக்கடியில் ஓடும் நீர் கெடுவது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது. அதனால்தான் அதனை முன்கூட்டி ஆராயும் கடமை, தனிமனிதரின் நல்லெண்ணத்திற்கு விடப்படாமல் அரசின்மீது சுமத்தப்பட்டுள்ளது. அக்கடமையை அரசு நிறைவேற்றுகிறதா என்று கேட்பதும், கேட்பதற்கு வேண்டிய அறிவைப் பெறுவதும் நம் கடமை.

சொல்லும் பொருளும்

படுகை – ஆற்றுநீர் வந்துசேரும் நிலப்பரப்பு
ஊற்றுக்கால் – ஆற்றுமணலில் ஊறும் நீரைக் கொண்டுசெல்லும் கால்வாய்
கசடு – கழிவுநீரின் அடியில் தங்கும் சேறு
இசைவு – ஒரு செயலைத் தொடங்க உரிய அமைப்பு தரும் ஒப்புதல்
தண்டம் – குற்றத்திற்காகச் செலுத்தும் பணம்
சீர்தூக்குதல் – நன்மை தீமைகளை ஒப்பிட்டு ஆராய்தல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ஓடும் ஆறு, ஏரி அல்லது குளத்தின் அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.

2. உங்கள் ஊரில் ஒரு புதிய தொழிற்சாலை அமையவிருப்பதாகக் கொண்டு, வகுப்பறையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துக. மாவட்ட ஆட்சியர், ஆலை உரிமையாளர், உழவர், தொழிலாளர், வல்லுநர் ஆகியோராகப் பங்கேற்று உரையாடுக.

3. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்களைப் படித்து, சூழல் பாதுகாப்புக்குப் பொருந்தும் கருத்துகளைத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா

1. பாலாற்றுநீரைக் கரையோர உழவர்கள் எவ்வாறு பயன்படுத்தினர்?
2. முன்னெச்சரிக்கை நெறி என்றால் என்ன?
3. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் நான்கு படிகளைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. ஓடும் ஆற்றின் மாசுக்கும் நிலத்தடி நீரின் மாசுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. '1989ஆம் ஆண்டு ஆணை இடத்தை அறிந்தது. காலத்தைத் தவறவிட்டது' – இக்கூற்றை விளக்குக.
3. சூழல் அறிக்கைகள் மக்கள் மொழியில் அமையவேண்டியதன் தேவை யாது?

நெடுவினா

1. வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கின் பின்னணி, தீர்ப்பு, அதன் விளைவுகள் ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.
2. தனித்திட்டங்களை மட்டுமன்றி அரசின் கொள்கைகளையும் முன்கூட்டி மதிப்பிடவேண்டும் என்னும் கருத்தைப் பாலாற்றின் வரலாற்றைக் கொண்டு ஆராய்க.